கிலுகிலுப்பைச் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய பயிற்சிப் பிரிவு அலுவலர்களுக்கு,

வணக்கம். சிறு குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தை முன்கூட்டியே கண்டறிவது குறித்து நீங்கள் நடத்திய இரண்டு நாள் இணையவழிப் பயிற்சியில் கலந்துகொண்ட அங்கன்வாடிப் பணியாளர்களில் நானும் ஒருத்தி. சான்றிதழ் அன்று மாலையே கைப்பேசிக்கு வந்துவிட்டது. என் பெயரில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. அதற்கு முதலில் நன்றி.

இரண்டாம் நாள் நடந்த செவித்திறன் பாடம் உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தையைத் தாயின் மடியில் உட்காரவைத்து, அதன் கண்ணில் படாமல் காதுக்கு நேராகக் கிலுகிலுப்பையை ஆட்ட வேண்டும். சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பயிற்றுநர் அம்மா திரையில் நன்றாகத்தான் ஆட்டிக் காட்டினார். கை ஆடியது, சத்தம் வரவில்லை. பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று வடிகட்டிவிடும் ஏற்பாடு அந்தச் செயலியில் இருக்கிறது என்று என் மகன் பிறகு சொன்னான். எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, எவ்வளவு மெதுவாக ஆட்டுவது என்று நான் எழுதிக் கேட்டேன். "கேட்கவில்லை மேடம்" என்று வரிசையாகப் பலர் எழுதினார்கள். கேள்விகளைக் கடைசியில் பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் தேர்வுக்கான இணைப்புதான் வந்தது. அதிலும் நான் பத்துக்கு ஒன்பது.

மையத்துக்கு விடுமுறை விடாமல்தான் இந்தப் பயிற்சி நடந்தது. ஒரே அறை, 22 பிள்ளைகள், உதவியாளர் அன்று விடுப்பு. சத்துமாவு மூட்டையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். வாசலில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தபோது, மைக்கை அணைக்கத் தெரியாதா என்று திரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. தெரியும் ஐயா, கையெல்லாம் சோறு.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அதற்கு மூன்று வாரம் கழித்து நடந்தது.

எங்களிடம் எடை பார்க்க வரும் ஒரு பெண் குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. உட்காரவைத்தால் இரண்டு கைகளையும் முன்னால் ஊன்றிக்கொள்கிறது. கையை எடுத்தால் பக்கத்தில் சாய்கிறது. அட்டவணையைப் பார்த்தேன். ஒன்பது மாதத்தில் பிடிமானமில்லாமல் உட்கார வேண்டும் என்று இருந்தது. பயிற்சி பெற்றவள் அல்லவா நான்! வளர்ச்சித் தாமதம் என்று எழுதி மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டைக் கொடுத்துவிட்டேன். அந்தத் தாய் காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிறவர். ஒன்றும் கேட்கவில்லை. ஓடு கீறிக் கீறி வெளுத்துப்போன விரல்களால் சீட்டை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மாமியார் குழந்தையை மந்திரிக்கத் தூக்கிப் போயிருக்கிறார்.

மூன்றாம் நாள் மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதுதான். 32ஆவது வாரம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயது வரை, 40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைந்ததோ அத்தனையைக் கழித்துத்தான் வயதைக் கணக்கிட வேண்டும். எட்டு வாரத்தைக் கழித்தால் அவளுக்கு ஏழு மாதம் சொச்சம். அந்த வயதுக்குக் கையூன்றி உட்காருவதே போதும். அவள் சரியாகத்தான் வளர்ந்துகொண்டிருக்கிறாள்.

அந்தக் கணக்கு உங்கள் பாடத்தில் இருந்தது. பிறகு அனுப்பிய கோப்பில் பார்த்தேன். அது திரையில் ஓடிய நேரத்தில்தான் நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். தவறு என்னுடையது, மறுக்கவில்லை. அந்தத் தாயின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும் டீச்சர்" என்றார். அடுத்த மாதம் எடை பார்க்க வரவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான்: ஒரே ஒரு நாள் நேரடிப் பயிற்சி. எதிரில் குழந்தை இருக்க வேண்டும், பக்கத்தில் பயிற்றுநர் இருக்க வேண்டும். நான் செய்வதைப் பார்த்துவிட்டு, பிறந்த வாரத்தைக் கேட்டாயா என்று அங்கேயே திருத்த ஓர் ஆள் வேண்டும்.

இணையவழியே கூடாது என்று சொல்லவில்லை. கொரோனாவின்போது வேறு வழியில்லை. மலைக்கிராமத்துக்கு இன்றும் அது பெரிய உதவி. எங்கள் தண்டையார்பேட்டை எந்த மலையில் இருக்கிறது? எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கென்று 2005இல் தொடங்கிய தேசிய நிறுவனமே இருக்கிறது. சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் இதே ஊரிலும் பக்கத்திலும்தான் இருக்கிறார்கள். நகரத்தின் குப்பை கொடுங்கையூருக்கு நேரில் வந்து சேர்கிறது. அனல்மின் சாம்பல் எண்ணூருக்கு நேரில் வருகிறது. பயிற்றுநர் மட்டும்தான் வடசென்னைக்குக் காணொலியில் வருகிறார்.

மன்னிக்க வேண்டும், பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க மத்திய அரசு 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டப்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். இரண்டு வருகைக்கும் நடுவில் கைக்குழந்தை நடக்கத் தொடங்கிவிடும், அல்லது நடக்க வேண்டிய வயதைத் தாண்டிவிடும். அந்த இடைவெளியில் பார்ப்பது நாங்கள்தான். மாற்றுத்திறனுள்ள குழந்தைகளுக்கென 2023 நவம்பரில் வெளியான அங்கன்வாடி நெறிமுறையும் முதலில் கண்டறியும் வேலையை எங்களிடம்தான் கொடுத்திருக்கிறது. அன்றைக்குப் பிறகு சீட்டெழுத எனக்குக் கை வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத இரண்டரை வயதுப் பையன் ஒருவனை ஒரு வாரம் தள்ளிப்போட்டு வைத்திருந்தேன். என் தயக்கத்துக்கு அந்தப் பிள்ளை ஏன் விலை கொடுக்க வேண்டும்?

செலவாகும் என்பீர்கள். மண்டபம் வேண்டாம், பேனர் வேண்டாம், பையும் பேனாவும் வேண்டாம். புதன்கிழமைகளில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தடுப்பூசி போடக் கைக்குழந்தைகள் எப்படியும் வருகிறார்கள், தாய்-சேய் நல அட்டையோடு வருகிறார்கள். ஒரு புதன்கிழமை, பத்துப் பத்துப் பேராக எங்களை அங்கே அழையுங்கள். அன்று மையத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு மாற்று ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஒரு நாள் நேரடிப் பயிற்சியைத்தான் தயவுசெய்து கேட்கிறேன்.

வருகிறவர்கள் கிலுகிலுப்பை கொண்டுவர வேண்டாம். மையத்தில் இரண்டு இருக்கின்றன.

பணிவுடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அங்கன்வாடிப் பணியாளர்