பாப்பாவின் எச்-இன்டெக்ஸ்

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். கார் நடவுக்குக் கால்வாயில் தண்ணீர் விட்டாச்சு. தென்காசிப் பக்கம் சாரல் இறங்கிவிட்டது, சாயங்காலக் காற்று நன்றாக இருக்கிறது. என் முட்டுவலி பழையபடிதான், அதை விடு.

வேலைக்கான இன்டர்வியூ முடிந்ததிலிருந்து பாப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாய். ஆற்றில் மீன் எடுக்க வந்தவள் இங்கேயும் எட்டிப் பார்த்தாள், அதே புலம்பல்தான். பாபநாசத்துக் கெண்டைக்கும், ஊருக்குக் கீழே சாக்கடை கலக்கிற இடத்துக் கெண்டைக்கும் செவுள் செல்களை ஒப்பிட்டுப் பார்க்கிறாளே, அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லையாம். எச்-இன்டெக்ஸ் எவ்வளவு என்று கேட்டார்களாம். ஒன்பது என்றதும் ஒருவர் உதட்டைப் பிதுக்கினாராம்.

நீ பேங்க் கணக்குப் பார்த்தவன், இந்தக் கணக்கு உனக்குப் புதுசு. ஒருவருடைய கட்டுரைகளில் ஒன்பது கட்டுரைகள், ஒவ்வொன்றும் ஒன்பது தடவைக்குக் குறையாமல் மற்றவர்களின் கட்டுரைகளில் சுட்டப்பட்டிருந்தால் (இதைத்தான் சைட்டேஷன் என்பார்கள்) எச்-இன்டெக்ஸ் 9. ஹிர்ஷ் என்கிற இயற்பியல் பேராசிரியர் 2005இல் சொன்ன வழி. ஒற்றை எண்ணால் ஓர் ஆளைத் தோராயமாகத்தான் அளக்க முடியும் என்று அவரே அதில் எழுதிவைத்திருக்கிறார். உதட்டைப் பிதுக்கினவர் அதுவரை படித்திருக்க மாட்டார்.

உலகத்திலேயே அதிகமாகச் சுட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா? பிராக்டிகல் வகுப்பில் வருஷா வருஷம் நான் செய்துகாட்டின லௌரி முறைதான், 1951இல் வந்தது. புரதக் கரைசலில் காரச் செப்புக் கரைசலை விட்டுப் பத்து நிமிஷம் வைக்கணும். அப்புறம் ஃபோலின் என்கிற கரைசலை விட்ட கையோடு குலுக்கணும். பராக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிற பையனுக்கு நீலம் ஏறவே ஏறாது. 2014 வாக்கில் அதற்கு மூன்று லட்சத்துக்கும் மேலே சைட்டேஷன். புரதம் எவ்வளவு என்று அளக்கிற வழி, அவ்வளவுதான். எல்லா லேபுக்கும் அது வேண்டியிருந்தது. பெரிய கட்டுரை ஒன்றும் இல்லை, ஆனாலும் உள்ளூரச் சந்தோஷம்தான் என்கிற மாதிரி லௌரியே ஒத்துக்கொண்டார். எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கும்.

பாப்பாவிடம் நான் சொன்னது ஓசுமி கதை. யோஷினோரி ஓசுமி டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சொந்தமாக லேப் தொடங்கியது 1988இல், வயது 43. எடுத்துக்கொண்டதோ ஈஸ்ட் செல்லின் வாக்குவோல், செல்லுக்குள் இருக்கிற ஒரு பை. அதைச் செல்லின் குப்பைக்கிடங்கு என்று ஒதுக்கிவைத்திருந்த காலம். புரதத்தைச் சிதைக்கிற என்சைம்கள் இல்லாத ஈஸ்ட்டை எடுத்துப் பட்டினி போட்டார். சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சில மணி நேரத்தில் வாக்குவோலுக்குள் குட்டிக் குட்டி உருண்டைகள் சேர்ந்து, நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்தன. செல் தன் சரக்கையே பொட்டலம் கட்டி உள்ளே அனுப்புகிறது, அங்கே கரைக்க ஆளில்லாததால் தேங்கிக் கிடக்கிறது. செல் தன்னையே தின்கிற இந்த வேலைக்கு ஆட்டோஃபேஜி என்று டி டூவ் என்கிற விஞ்ஞானி 1963இலேயே பெயர் வைத்திருந்தும், அதை நடத்துகிற ஜீன்கள் எவை என்று தெரியாமல் இருந்தது. ஓசுமியும் ஒரு மாணவியும் அப்படிப்பட்ட 15 ஜீன்களுக்கு வழிகாட்டின கட்டுரை 1993இல் வந்தது, நேச்சர் மாதிரிப் பேர்போன இதழில் இல்லை, ஃபெப்ஸ் லெட்டர்ஸ் என்கிற அடக்கமான இதழில். அப்போது அந்தத் துறையில் ஆளே கிடையாது, யார் சுட்டுவார்கள்? புற்றுநோய்க்காரர்களும் நரம்புநோய்க்காரர்களும் உள்ளே வந்த பிறகுதான் எண்ணிக்கை ஏறியது. 2016இல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே. 1993இல் நம் கமிட்டி முன்னால் உட்கார்ந்திருந்தால் அவரைப் பார்த்தும் உதடு பிதுங்கியிருக்கும்.

அதற்காக எண்ணே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எண் இல்லாத காலத்தில் யாருக்கு யார் வேண்டியவர் என்று பார்த்து வேலை போட்டதை நீயும் நானும் கண்ணால் பார்த்தவர்கள்தானே. இப்போது கெடுதல் வேறு மாதிரி. சில கூட்டங்களில் சைட்டேஷன் கல்யாண வீட்டு மொய் நோட்டு ஆகிவிட்டது. நீ எனக்கு எழுதினாயா, நான் உனக்கு எழுதுகிறேன். பாப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, வரவும் வேண்டாம். தாமிரபரணிக் கெண்டையின் செவுளை உலகத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள்? அந்தச் சின்னக் கூட்டத்தில் ஒன்பது வாங்கியதே பெரிசு.

இன்னொன்று. இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தடவை சுட்டப்படுகின்றன என்கிற எண்ணை வைத்து ஆளை எடை போடாதே என்று சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் என்று ஒன்று இருக்கிறது. 2012 டிசம்பரில் அமெரிக்க செல் உயிரியல் சங்கக் கூட்டத்தில் கிளம்பின பேச்சு அது. செல் உயிரியல்காரர்களே கிளப்பினது! அடுத்த தடவை தன் கட்டுரைகளில் முக்கியமான மூன்றை எடுத்து, எதை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று இரண்டிரண்டு வரி எழுதிக்கொண்டு போகச் சொல். கேட்காவிட்டாலும் மேஜைமேல் வைத்துவிட்டு வரட்டும்.

இதெல்லாம் நான் சொல்லி நீ சொன்னதாக இருக்க வேண்டாம், "மாமா உங்களுக்கும் கிளாஸ் எடுத்தாச்சா" என்பாள். ஆனித் தேருக்கு வருகிறாயா இல்லையா, அதை முதலில் எழுது. வந்தால் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்