மாப்பிள்ளை சம்பா என்ற பெயரில் பரிமாறப்பட்ட பொன்னி அரிசிச் சோறு குறித்த புகார்

அனுப்புநர்: 17.05.2025 அன்று மதியம் தங்களிடம் உணவருந்திய வாடிக்கையாளர், சென்னை.

பெறுநர்: மேலாளர், தோட்டத்து உணவகம், கிழக்குக் கடற்கரைச் சாலை.

நாள்: 21.05.2025

பொருள்: தவறான அறிவிப்பின் பேரில் உணவு விற்றதும், கேட்காமலேயே சேவைக் கட்டணம் வசூலித்ததும் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த சனிக்கிழமை மதியம் நானும் என் தோழியும் தங்கள் உணவகத்துக்கு வந்து, தலைக்கு 850 ரூபாய் வீதம் இரண்டு 'பாரம்பரிய நெல் சாப்பாடு' வாங்கினோம். மாப்பிள்ளை சம்பா என்னும் சிவப்புநிறப் பாரம்பரிய அரிசியில் சமைத்தது என்று சொல்லித்தான் அதை விற்றீர்கள். தங்கள் உணவுப் பட்டியலில் 450 ரூபாய்க்குப் பொன்னி அரிசிச் சாப்பாடும் இருந்தது. இரண்டுக்கும் கூட்டு, பொரியல், குழம்பு, அப்பளம் வரை எல்லாம் ஒன்றே என்றும் அரிசி மட்டுமே வேறு என்றும் பரிமாறியவரே விளக்கினார். ஆகவே நாங்கள் கூடுதலாகக் கொடுத்த தொகை முழுவதும் மாப்பிள்ளை சம்பா என்ற அந்தப் பெயருக்காகவே கொடுத்தது.

என் தோழி திருத்துறைப்பூண்டிப் பக்கத்தைச் சேர்ந்தவர். ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிகளுக்குப் பாரம்பரிய விதைநெல் 2 கிலோ கொடுத்து, மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பி வாங்குவது வழக்கம். அவ்வாறு மாப்பிள்ளை சம்பா விதை வாங்கி வந்து, சொன்னபடி திருப்பியும் கொடுத்தவர் இவருடைய அப்பா. ஐந்து மாதத்துக்கும் மேல் வயலில் நிற்கும் அந்தப் பயிரைப் பார்த்து வளர்ந்தவரை இப்போது பெங்களூரு வாழ்க்கையிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் வரவழைத்து, "உங்கள் ஊர் அரிசியை இங்கே சமைக்கிறார்களாம்" என்று ஆசை காட்டி நான்தான் அழைத்து வந்தேன் என்பதால், அன்று இலையின் முன்னால் எனக்கு ஏற்பட்ட கூச்சத்தைத் தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

கிண்ணத்தில் வந்தது மெல்லிய, வெள்ளை நிறச் சோறு. ஊடே அங்கங்கே சில சிவப்புப் பருக்கைகள் கிடந்தன. தோழி இரண்டையும் தனித்தனியே எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தார். சிவப்புப் பருக்கை தடித்து, விரலால் நசுக்கினாலும் எளிதில் மசியாமல் இருந்தது. வெள்ளைப் பருக்கையோ தொட்டதுமே குழைந்தது. நூறு பருக்கையில் பத்துகூடச் சிவப்பு இல்லை. மாப்பிள்ளை சம்பாவைத் தவிடு போகத் தீட்டினால் சிவப்பும் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே கிண்ணத்தில் இரண்டு பருமனில் அரிசி இருப்பதற்குத் தீட்டல் காரணமாகாது. பரிமாறிய தம்பியிடம் கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான் மேடம், கலந்து வடிச்சா ருசியா இருக்கும்" என்றார். அவரைக் குறை சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. மரியாதையாகவும், பார்க்கப்போனால் உண்மையாகவும் பதில் சொன்னவர் அங்கே அவர் ஒருவர்தான்.

அடுத்தது காய்கறி. 'இன்று காலை எங்கள் தோட்டத்தில் பறித்தவை' என்று கரும்பலகையில் எழுதி, அதன் கீழே கேரட், பீன்ஸ் என்று குறித்திருந்தீர்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிர்ச்சியில் விளையும் கேரட், அக்னி நட்சத்திர வெயிலில், கடலோர மணலில் எப்படி விளைந்தது என்ற வியப்பில்தான் தாங்கள் அறிவித்திருந்த 'தோட்டச் சுற்று'க்குப் போனோம். வாழை இருந்தது, படம் எடுத்துக்கொள்ள ஓர் ஊஞ்சல் இருந்தது, காய்ந்த சொட்டு நீர்க் குழாய்களின் நடுவே நான்கைந்து கத்தரிச் செடிகள் இருந்தன. சமையற்கட்டின் பின்புறம் அடுக்கியிருந்த நீலப் பிளாஸ்டிக் பெட்டிகளில் கோயம்பேடு மொத்தக் கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. கோயம்பேட்டுக் காயை நானும்தான் தினமும் வாங்கிச் சமைக்கிறேன். அதில் குற்றம் ஏதுமில்லை. அதே மண்ணில் கோடையிலும் வரக்கூடிய வெண்டைக்காயையும் கொத்தவரங்காயையும் பயிரிட்டுப் பரிமாறியிருந்தால், பலகையில் எழுதியது மெய்யாகவும் இருந்திருக்கும், சாப்பாடும் சிறந்திருக்கும். பிரண்டைத் துவையலை மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கினோம் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

பில்லில் 1,700 ரூபாயுடன் பத்து சதவீதச் சேவைக் கட்டணமாக 170 ரூபாயும், இரண்டையும் சேர்த்த தொகைக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டியாக 93.50 ரூபாயும் சேர்த்து 1,963.50 ரூபாய் வாங்கினீர்கள். சேவைக் கட்டணத்தை எடுத்துவிடுமாறு கேட்டபோது, கணினியில் அது தானாகவே வந்துவிடுவதாகக் கல்லாவில் இருந்தவர் சொன்னார். தானாக வரக் கூடாது என்பதுதான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 04.07.2022 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல். அதை டெல்லி உயர் நீதிமன்றம் கடந்த மார்ச் 28ஆம் தேதி உறுதி செய்திருக்கிறது.

எனவே, பொன்னி அரிசிச் சாப்பாட்டுக்கான 900 ரூபாயும் அதற்குரிய வரி 45 ரூபாயும் போக, மீதி 1,018.50 ரூபாயைத் திருப்பித் தருமாறும், 'பாரம்பரிய நெல் சாப்பாடு' என்று விற்கும் அரிசியை எந்த விவசாயியிடம் அல்லது எந்தக் கடையில் வாங்குகிறீர்கள் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், தோட்டத்தில் விளையாத காய்களின் பெயர்களைக் கரும்பலகையிலிருந்து நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இவற்றுள் பணத்தைக் காட்டிலும் இரண்டாவது கோரிக்கையே எனக்கு முக்கியம். தோழியின் அப்பா அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்வதுடன், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனு அளிப்பேன். பில்லின் நகலையும், இலையோரத்தில் பிரித்து வைத்த பருக்கைகளைத் தோழி கைப்பேசியில் எடுத்த இரண்டு படங்களையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்