ஆச்சியிடம் இதை வாசித்துக் காட்ட வேண்டாம்

ஹில்ஸ்பரோ, ஓரிகன்
ஜூன், ஞாயிறு இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

செல்வி எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம். சித்திக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? கார் சாகுபடிக்கு அணையில் தண்ணீர் திறந்தாயிற்றா, நாற்று பாவிவிட்டீர்களா?

போனில் நீங்கள் "மீன் பிடிக்கப் போற இடத்துல பாம்பு கிடக்குதாமே" என்று கேட்டதும், பின்னாலிருந்து "என்னது, பாம்பா?" என்று ஆச்சி குரல் வந்தது. அதற்கப்புறம் பேசினது எல்லாம் ஆச்சியோடுதான். அதனால் உங்களுக்கு எழுதியே அனுப்புகிறேன். ஆச்சியிடம், நாங்கள் குடியிருக்கும் ஊரில் விஷப் பாம்பு கிடையாது என்று மட்டும் சொல்லுங்கள். அது பொய்யில்லை. மீதியை நீங்கள் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

பாம்பு இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். எங்கள் ஊர் காஸ்கேட் மலைத்தொடருக்கு மேற்கே இருக்கிறது. குளிர்காலம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும், கூரையில்கூட பாசி பிடிக்கும். கடலிலிருந்து வருகிற மழையை மலையின் மேற்குச் சரிவே வாங்கிக்கொள்வதால் கிழக்கே போய்ச் சேர்வது கொஞ்சம்தான். மவுன்ட் ஹூட் என்ற பனி மலையைச் சுற்றிக்கொண்டு காரில் இறங்கினால், ஒரு மணி நேரத்துக்குள் காடு மெலிந்து, பைன் மரங்களும் முடிந்து, பழுப்பு நிறக் குன்றுகளும் சாம்பல் நிறப் புதர்களும் வந்துவிடும். புதரின் இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறுகிற ஒரு மருந்து வாசனை. நான் போகிற டெஷூட்ஸ் ஆறு அந்த வறண்ட பூமியில், கரும்பாறைப் பள்ளத்தாக்கு ஒன்றின் அடியில், வடக்கு நோக்கி ஓடி கொலம்பியா ஆற்றில் சேர்கிறது. மாப்பின் என்ற சின்ன ஊரில்தான் கரைக்கு இறங்குவோம்.

நீங்கள் கேட்டால் சிரிப்பீர்கள், அந்த ஆற்றில் படகில் போகலாம், ஆனால் படகில் இருந்தபடி தூண்டில் போடக் கூடாது, சட்டம் அப்படி. இறங்கி, கரையில் நின்றோ தண்ணீருக்குள் நின்றோதான் பிடிக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் மண்புழுவும் ஆகாது. இறகும் நூலும் கட்டிச் செய்த பூச்சி மாதிரியான செயற்கை இரைதான் போட வேண்டும். பிடித்த மீனையும் முக்கால்வாசிப் பேர் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். (சரி, சரி, நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும்.) மொத்தத்தில், மீன் வேண்டுமென்றால் நடந்தே ஆக வேண்டும்.

நடப்பது பெரும்பாலும் பழைய ரயில் தடத்தில். 1909 முதல் 1911 வரை ஜேம்ஸ் ஹில், எட்வர்ட் ஹாரிமன் என்ற இரண்டு ரயில்வே முதலாளிகளின் கம்பெனிகள் ஆற்றின் இரண்டு கரையிலும் போட்டி போட்டுத் தண்டவாளம் போட்டிருக்கின்றன. மேற்குக் கரையில் இன்றும் சரக்கு ரயில் ஓடுகிறது. கிழக்குக் கரையில் இருந்த தடம் நடைபாதையாகவும் சாலையாகவும் மாறிவிட்டது. மலையை வெட்டிச் சரித்த கற்குவியல்கள் வழி நெடுகக் கிடக்கின்றன. பகல் வெயிலை வாங்கி இரவு வரை சூடாக இருக்கும் கல், அடியில் பொந்து, பொந்துக்குள் எலி, பத்தடியில் தண்ணீர். பாம்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இங்கே இருக்கிற விஷப் பாம்பு கிலுகிலுப்பைப் பாம்பு மட்டும்தான், அதிலும் ஒரே ஓர் இனம். நம்ம கண்ணாடி விரியனுக்குத் தூரத்துச் சொந்தம். பெரும்பாலும் இரண்டு மூன்று அடி நீளம். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு குழி இருக்கும், அதை வைத்து எலியின் உடம்புச் சூட்டை இருட்டிலும் கண்டுகொள்ளும். முட்டையிடாது, குட்டிதான் போடும். வாலில் இருக்கிற கிலுகிலுப்பை நம் நகம் மாதிரியான பொருள். ஒவ்வொரு தடவை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் கூடும். வளையத்தை எண்ணினால் வயது தெரியும் என்று இங்கேயும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். வருடத்தில் சில தடவை சட்டை உரிக்கும், பழைய வளையம் உடைந்தும் விழும், அப்புறம் எந்தக் கணக்கு நிற்கும்?

குளிர்காலத்தில் மேட்டுப் பாறை இடுக்குகளில் கூட்டமாகப் போய் அடங்கிவிடும். ஏப்ரல் வாக்கில் வெளியே வந்து, அக்டோபர் வரை நடமாடும். மே மாதக் கடைசியில் இந்த ஆற்றில் சால்மன் ஈ என்று ஒரு பூச்சி கிளம்பும். இரண்டு அங்குல நீளம், வயிறு ஆரஞ்சு நிறம். மூன்று நான்கு வருடம் கல்லுக்கடியில் புழுவாகக் கிடந்துவிட்டு, கரையேறிப் புல்லிலும் ஆல்டர் மரக் கிளைகளிலும் தொங்கும். காற்றடித்துத் தண்ணீரில் விழுவதைத் தின்ன ட்ரவுட் மீன் கரையோரக் கிளைக்கடியில் வந்து நிற்கும். மீன் கரையோரம் வந்தால் மனுஷனும் அதே கரையோரப் புல்லுக்குள் நுழைவான். நிழலுக்கும் எலிக்குமாகப் பாம்பும் அங்கேதான் கிடக்கும். ஜூலையில் வெயில் ஏறினால் இன்னும் மோசம். பாம்பு பகலில் ஒதுங்கி, பொழுது சாயத்தான் வெளியே வரும். மீன் கடிக்கிற நேரமும் பொழுது சாய்கிற நேரம்தான்.

எனக்கு இந்த ஆற்றைக் காட்டியவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாம்பைப் பற்றி அவர் மிரட்டவும் மாட்டார், வீரமும் பேச மாட்டார். "கண்ணு போகாத இடத்துக்குக் கையும் காலும் போகக் கூடாது" என்பதுதான் அவர் பேச்சின் சாரம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆற்றிலிருந்து சாலைக்கு ஏறும்போதுதான் அதன் அருமை புரியும். சரிவு செங்குத்து. கை தானாக மேலே உள்ள பாறை விளிம்பைப் பிடிக்கப் போகும், அந்த விளிம்பு முகத்துக்கு நேரே இருக்கும், மேலே என்ன கிடக்கிறது என்று தெரியாது. அங்கே கையை வைக்காமல், பத்து நிமிடம் சுற்றிக்கொண்டு நல்ல வழியாக ஏறுவார். வழியில் கட்டை விழுந்து கிடந்தால் ஒரே எட்டில் தாண்ட மாட்டார். கட்டையின் மேல் ஏறி நின்று, அந்தப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு இறங்குவார். தாண்டிக் காலை வைக்கும் இடம்தான் நமக்குத் தெரியாத இடம்.

தண்ணீருக்குள் நடக்க வைத்திருக்கிற ஊன்றுகோலையே புல்லுக்குள்ளும் முன்னால் தட்டிக்கொண்டு போகிறோம். தரையின் அதிர்வு பாம்புக்கு நன்றாகத் தெரியும், ஒதுங்கிப் போக நேரம் கிடைக்கும். தூண்டில் கம்பை நுனி பின்னால் இருக்கும்படி பிடித்துக்கொண்டால் புதரிலும் மாட்டாது, மற்றக் கையும் கோலுக்கு மிச்சம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடப்பதில்லை. கணுக்காலுக்கு மேல் வரும் கெட்டித் தோல் பூட்ஸ், தொளதொள கால்சட்டை. மார்பு வரை வரும் தண்ணீர் புகாத உடுப்பைப் போட்டுவிட்டால் பயமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது மெல்லிய துணி, பல்லைத் தடுக்காது. அதற்கென்றே முழங்கால் வரை கட்டுகிற காப்பு உறை விற்கிறார்கள், கோடையில் நடந்து போகும்போது அதைக் கட்டிக்கொள்கிறேன். வேர்த்துக் கொட்டும். இருந்தாலும் கட்டுகிறேன். திரும்பும்போது இருட்டிவிட்டால் நெற்றி விளக்கு கட்டாயம், தடத்தின் நடுவில்தான் நடை.

பார்த்தேனா என்று கேட்பீர்கள். பார்த்தேன். போன மாதக் கடைசியில், காலை பத்து மணி வாக்கில், தடத்துக்குக் குறுக்கே நீட்டிப் படுத்திருந்தது. உடம்பு காய்ந்த புல்லின் நிறம். முதுகில் வெளிர் கரையிட்ட கரும்பழுப்புத் திட்டுகள், வால் பக்கம் வர வர அவையே வளையங்களாகி, கடைசியில் வைக்கோல் நிறத்தில் கிலுகிலுப்பை. கழுத்து ஒடுங்கி, தலை மட்டும் அகன்று தெரிந்தது. சத்தமே போடவில்லை. நாக்கு மட்டும் வெளியே வந்து வந்து போயிற்று. ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் கடிக்கும் என்று நம்பி நடக்கக் கூடாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தன் உடம்பு நீளத்தில் பாதி தூரம் வரைதான் அது பாய்ந்து கொத்தும், அதனால் ஆறடி தள்ளி நின்றால் போதும். நாங்கள் பத்தடி தள்ளியே நின்றோம். பெரியவர் தண்ணீர் குடித்தார். அது அவசரமே இல்லாமல் புதருக்குள் போனது. போன பிறகும் புதரை விட்டு விலகித்தான் கடந்தோம்.

அதே அன்று மத்தியானம் இன்னொன்றைக் கேட்டேன், பார்க்கவில்லை. குழந்தையின் கிலுகிலுப்பை மாதிரி கலகல என்று இருக்கும் என நினைத்திருந்தேன். அப்படியில்லை. குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீற்றம் கிளம்புமே, அது நிற்காமல் வந்தால் எப்படியோ அப்படி. எந்தப் பக்கம் என்றுதான் உடனே பிடிபடாது. அந்த நேரத்தில் துள்ளிக் குதித்தால் அதன் மேலேயே போய் விழலாம். நின்ற இடத்தில் நின்று, சத்தம் வருகிற திசையைக் காதால் தேடி, வந்த வழியிலேயே மெல்லப் பின்வாங்க வேண்டும். பின்வாங்கினேன். அந்த இடத்து மீன் அதற்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏமாற்றுகிறதும் உண்டு. கோபர் பாம்பு என்று ஒன்று, விஷமில்லாதது. மிதிபடப் போகிறோம் என்று தெரிந்தால் தலையைத் தட்டையாக்கி, சீறி, காய்ந்த சருகில் வாலை உதறி அசலாகவே கிலுகிலுக்கும். பாவம், அந்த நடிப்பாலேயே அடிபட்டுச் சாகிறது. அடிப்பது எப்படியும் புத்திசாலித்தனமில்லை. பிடிக்கவும் அடிக்கவும் கிட்டே போய்க் கடிவாங்கியவர்கள் இங்கே நிறைய. செத்த பாம்பின் வெட்டுப்பட்ட தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும்.

கடித்துவிட்டால்? வாயால் உறிஞ்சுவது, கத்தியால் கீறுவது, கயிறு போட்டு இறுக்குவது, ஐஸ் வைப்பது எல்லாமே கெடுதல். மோதிரம், கடிகாரம், பூட்ஸைக் கழற்றிவிட வேண்டும், வீக்கம் வந்தால் அவை இறுகும். அப்புறம் பதறாமல், முடிந்தவரை நடக்காமல், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். அதுதான் அந்தப் பள்ளத்தாக்கில் கஷ்டம். பெரும்பாலான இடத்தில் போன் சிக்னல் கிடையாது. அதனால் எந்த இறக்கத்தில் இறங்குகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன், தனியாகப் போவதே இல்லை. ஆஸ்பத்திரி உள்ள பக்கத்து ஊர்களில் ஒன்றின் பெயர் மட்ராஸ், நம்புங்கள். ஏதோ துணி மூட்டையில் இருந்த பெயரை ஊருக்கு வைத்ததாகச் சொல்கிறார்கள்.

இங்கே விஷமுறிவு மருந்தில் ஒன்றை ஆட்டின் ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். ஆரம்பத்திலேயே நான்கு முதல் ஆறு குப்பி ஏற்றுவார்கள், ஒரு குப்பியே ஆயிரக்கணக்கான டாலர். பில்லைப் பார்த்து மயங்கி விழுபவர்தான் அதிகம் இருக்கும். ஆனால் சாவு மிகக் குறைவு. இந்த நாட்டில் வருடத்துக்கு ஏழெட்டாயிரம் பேரை விஷப் பாம்பு கடிக்கிறது, அதில் இறப்பவர்கள் ஐந்து பேர் அளவில்தான்.

நம் நாட்டுக் கணக்கையும் எடுத்துப் பார்த்தேன், சித்தப்பா. 2000 முதல் 2019 வரை சராசரியாக வருடத்துக்கு 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள், வயலில் வேலை பார்க்கிறவர்கள். மருந்து இல்லாமலா? சென்னைப் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் 1978-லேயே கூட்டுறவுச் சங்கம் வைத்து, நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் எடுத்துக் கொடுக்கிறார்கள், பெரும்பாலும் அதை வைத்துத்தான் மருந்தே செய்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் போடுகிறார்கள். போய்ச் சேருவதற்குள் மந்திரம், பச்சிலை என்று நேரம் போய்விடுகிறது.

நான் பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கப் போகிறேன். அதற்கே பூட்ஸ், உறை, கோல், நெற்றி விளக்கு. நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு மடை திறக்க வெறுங்காலோடு வரப்பில் போகிறீர்கள், கையில் அந்த மங்கல் டார்ச். என்னைப் பற்றி ஆச்சி கவலைப்படுகிறது!

அதனால் இரண்டு காரியம். அம்பாசமுத்திரத்தில் ரப்பர் பூட்ஸ் கிடைக்கும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரைக்கும் வருவது. பணம் அனுப்பியிருக்கிறேன், சித்தி பெயரில். நல்ல எல்இடி டார்ச்சும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சேற்றில் பூட்ஸ் பிடித்துக்கொள்ளும் என்பீர்கள், வாஸ்தவம்தான். வரப்பில் நடக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள், வயலுக்குள் இறங்கும்போது கழற்றி வையுங்கள். திரும்பப் போடுவதற்கு முன் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டிவிடுங்கள், தேள் புகுந்திருக்கும். பூட்ஸ் வாங்கியதும் அளவு சரியாக இருக்கிறதா, குதிகால் கடிக்கிறதா என்று ஒரு வரி எழுதுங்கள். கடித்தால் மாற்றிக்கொள்ளலாம், பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
செல்வி