2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், வந்திருக்கும் சொற்ப அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா நடந்தது. கோடைகால ஒன்றுகூடல் மழையால் தள்ளிப்போய், பிறகு நடந்தது. நிர்வாகசபை ஆறு தடவை கூடியது. இரண்டு தடவை ஆள் போதவில்லை.

ஒக்டோபர் 31, அதாவது பிள்ளைகள் வேஷம் கட்டி வீடு வீடாக இனிப்பு வாங்கும் ஹலோவீன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். "பேய்க் கொண்டாட்டத்துக்குத் தமிழ்ச் சங்கம் ஏன் காசு செலவழிக்கிறது?" என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் அன்றிரவு வேஷம் கட்டி இனிப்பு வாங்கப் போனவர்கள்தான். நாங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கனடாவில் எங்கள் ஸ்காபரோவில் அன்று பிள்ளைகள் தெருவுக்கு இறங்கத்தான் போகிறார்கள்.

கூட்டத்தில் எல்லாரும் பயந்தது இனிப்புக்குள் நஞ்சு இருக்குமோ என்று. 1958 முதலான செய்திகளைத் துருவிய அமெரிக்கச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹலோவீன் இனிப்பால் பிள்ளை இறந்ததற்கு உறுதியான சான்று ஒன்றும் காணவில்லை. 1974இல் டெக்சாஸில் எட்டு வயதுப் பையனுக்குச் சயனைட் கொடுத்தது பெற்ற தகப்பன், காப்புறுதிப் பணத்துக்காக. நாங்கள் பயப்படவேண்டியது காருக்கு. அமெரிக்காவின் 1975–2016 விபத்துப் பதிவுகளைக் கனடா ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஒரு கிழமை முந்திய, பிந்திய மாலைகளைவிட ஹலோவீன் மாலையில் பாதசாரி இறக்கும் வாய்ப்பு 43 வீதம் கூட. 4–8 வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து மடங்கு.

அதனால்தான் வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டியும் 40 சின்ன டோர்ச்சும் வாங்கினேன். கறுப்பு உடுப்புகளில் பட்டி ஒட்டினோம். கண்ணை மறைத்த முகமூடிகளைக் கழற்றி முகத்தில் நிறம் பூசினோம். "பேய் மினுங்காது" என்று ஒரு சின்னப்பிள்ளை அழுதது. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

சந்திகளில் மஞ்சள் அங்கியோடு நிற்க 14 பேர் பெயர் தந்தார்கள். வந்தது நாலு பேர். ஆறு மணி தாண்டியதும் இருட்டிவிட்டது. நிறுத்தியிருந்த இரண்டு வான்களுக்கு நடுவால் ரோட்டுக்குப் பாய்ந்த பையனை எங்கள் தொண்டர் ஒருவர் சட்டையில் பிடித்து இழுத்தார். அடுத்த சந்தியில் நிற்கவேண்டியவர் போனையே எடுக்கவில்லை. அவருடைய முன்வாசல் லைட் அணைந்திருந்தது, உள்ளே டிவி ஓடியது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பெரிய நட்டம் இல்லை. டோர்ச்சுக்கு நான் கைக்காசு போட்டதை இங்கே பேச விரும்பவில்லை. 61 குடும்பங்களில் சந்தா கட்டியது 23. பட்டி ஒட்ட வரிசையில் நின்றவர்கள் அதைவிடக் கூட.

மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் ஊற்றியவர்களுக்கும், அந்த நாலு பேருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் இந்தப் பொறுப்பில் இருப்பேனா என்று தெரியாது; இளையவர்கள் முன்வந்தால் சந்தோஷம். 2026இல் ஒக்டோபர் 31 சனிக்கிழமை. வேலையால் வர நேரமாகிவிட்டது என்று அநேகருக்குச் சொல்லமுடியாது. பெயர் எழுதும் தாள் கதவடியில் இருக்கிறது, சந்தாப் புத்தகமும் பக்கத்திலேயே இருக்கிறது.

செயலாளர்