நீ பயப்படுகிற நாளில்

அன்புத் தங்கச்சிக்கு,

ஆண்டவர் இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது. பயாப்சி எடுத்து நாலு நாள் ஆகிறது, வியாழக்கிழமைதான் ரிசல்ட். அது ஒரு பாரம். அதற்கு மேல், "இப்படிப் பயப்படுகிறேனே, எனக்கு விசுவாசமே இல்லையோ அக்கா?" என்று கேட்டு அழுதாயே, அந்தப் பாரத்தை யார் உன் தலையில் ஏற்றினார்கள்? ஜெபக்கூட்டத்தில் யாரோ "பயப்படுகிறவன் அன்பில் பூரணப்பட்டவன் அல்ல" என்ற வசனத்தை உனக்குச் சொன்னதாகச் சொன்னாய். உன்னைப் போலவே அதைக் கேட்டுக் குறுகிப்போன வேறு சிலரையும் எனக்குத் தெரியும். அதனால் பெயர் போடாமல், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த வசனம். 1 யோவான் 4:18. அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படி. யோவான் அங்கே பேசுவது நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றி. தேவன் நம்மைத் தள்ளிவிடுவாரோ என்கிற பயம் அவருடைய அன்புக்குள் இருக்கிறவர்களுக்கு வேண்டாம் என்கிறார். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவளின் நெஞ்சு படபடப்பதைப் பற்றி அவர் எழுதவில்லை. பார், உனக்கு ஆறுதலாக இருக்க வேண்டிய வசனத்தை வைத்தே உன்னை அடித்துவிட்டார்கள்.

நீ 56-ம் சங்கீதத்தை எடு. பெலிஸ்தர் தாவீதைக் காத்தூரில் பிடித்தபோது பாடியது என்று தலைப்பிலேயே இருக்கும். காத்தூர் யாருடைய ஊர்? தாவீது சின்ன வயதில் கொன்ற பெலிஸ்த இராட்சதன் கோலியாத்தின் ஊர். தன்னைக் கொல்லத் தேடிய ராஜா சவுலுக்குத் தப்பி ஓடிய தாவீது, வழியில் நோப் என்ற ஊரில் ஆசாரியனிடம் கோலியாத்தின் பட்டயத்தையே வாங்கிக்கொண்டு, நேராக அந்த ஊருக்கே போய் நிற்கிறான். வேறு போக்கிடம் இல்லாதவன்தான் அப்படிப் போவான். அங்கே ஆட்கள் அவனை அடையாளம் கண்டுகொண்டார்கள். அந்த ஊர் ராஜா ஆகீசுக்கு "மிகவும் பயப்பட்டு" பைத்தியக்காரனைப் போல நடித்தான் என்று 1 சாமுவேல் 21-ல் இருக்கிறது. கதவுகளில் கீறினான், தாடியில் நுரை வழிய விட்டான். சின்ன வயதில் அந்த இராட்சதனுக்கு முன்னால் கவணோடு நின்ற அதே பையன்தான்.

அந்தத் தாவீதுதான், "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று எழுதுகிறான். பயம் போன பிறகு நம்புவேன் என்று அவன் சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் "நான் பயப்படேன்" என்கிறான். சரி, அத்தோடு முடிந்ததா? 11-ம் வசனத்தில் திரும்பவும் அதையே சொல்கிறான். நடுவில் பயம் திரும்ப வந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒருமுறை சொல்லி முடிகிற காரியம் இல்லை இது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்தது 8-ம் வசனம்: "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்." துருத்தி என்றால் தண்ணீர் ஊற்றி வைக்கிற தோல்பை. வனாந்தரத்தில் அலைகிறவனுக்கு அதில் இருக்கிற ஒவ்வொரு சொட்டும் உயிர். அப்படிப்பட்ட பையில் என் கண்ணீரைப் பிடித்து வையும் என்று கேட்கிறான்.

பைபிளில் "பயப்படாதே" 365 முறை வருகிறது, நாளுக்கு ஒன்று என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. வராவிட்டால் என்ன? அந்த வார்த்தை யாருக்கு வந்தது என்று பார். ஆபிரகாமுக்கு, மரியாளுக்கு, ராத்திரியில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களுக்கு. நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் வந்தது. கரண்ட் போன ராத்திரிகளில் அம்மா நம்மிடம் "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்பாளே, அதை நாம் திட்டாகவா எடுத்துக்கொண்டோம்?

ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன். ரிசல்ட் நல்லபடியாக வரும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. அப்பா ஐசியூவில் இருந்த ஒன்பது நாளும் நாம் எப்படி ஜெபித்தோம் என்று உனக்குத் தெரியும். அப்பா வீடு திரும்பவில்லை. அம்மா அந்த வராந்தாவில், கைக்குட்டையில் சுற்றிய பைபிளைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல், "இயேசுவே, இயேசுவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பார்த்த ஜெபங்களில் அதைவிடப் பெரியது இல்லை. அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் அதே பைபிளோடு ஆராதனைக்குப் போனாள். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவரும் "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதியிருக்கிறார். இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, நீங்கட்டும் என்று அவரே கேட்டார். நீயும் கேள். உன் சுகத்துக்காக நானும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

புதன்கிழமை சாயங்காலமே வந்துவிடுகிறேன். டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வை, அறைக்குள் போனதும் எல்லாம் மறந்துபோகும். ராத்திரி தூக்கம் வராவிட்டால் மணி பார்க்காமல் கூப்பிடு. பேச முடியாவிட்டால் பரவாயில்லை, சங்கீதத்தை நான் வாசிக்கிறேன், நீ கேட்டுக்கொண்டிரு.

உன் அக்கா