லைட்ட விடு, கம்ப்யூட்டர பாரு மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பின கரண்ட் பில் போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன், அம்மாவும் பாத்தா. பில் தொகைய விட அதுக்குக் கீழ நீ எழுதியிருந்ததுதான் மனச உறுத்துது. ராத்திரி ஹால் லைட்ட அணைச்சுட்டு மொபைல் டார்ச்சுலதான் நடமாடறோம், யாராவது லைட்ட போட்டு விட்டுட்டா வீட்ல சண்ட வருதுன்னு எழுதியிருக்க. போன்ல சொன்னா பாதியில வேலை வந்துடுச்சுன்னு வச்சுடுவ, அதனால உக்காந்து முழுசா டைப் பண்றேன், பொறுமையா படி.

மொதல்ல ஒண்ணு. அந்த ஹால் லைட்ட இன்னிக்கே போட்டு விடுங்க, விடியற வரைக்கும் எரியட்டும். ஒரே வீட்ல தங்கியிருக்கற நீங்க மூணு பேரும் வேற வேற ஷிப்ட்ல வர்றீங்க போறீங்க, இருட்டுல தடுக்கி விழறதுக்கு அது எவ்வளவோ மேல். அது எல்ஈடி பல்பு தானே, பல்பு மேலயே வாட் போட்டிருக்கும், பெரும்பாலும் 9 வாட் இருக்கும். ஒரு யூனிட்னா 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடறது, அவ்வளவுதான் கணக்கு. 9 வாட் பல்பு ராத்திரி 8 மணி நேரம் எரிஞ்சா 72 வாட்-மணி (வாட்ட மணி நேரத்தால பெருக்கினது), ஒரு மாசம் முழுக்க தினமும் எரிஞ்சாலும் ரெண்டு யூனிட்ட கொஞ்சம் தாண்டும். பில்ல நீயே எடுத்து அந்த ரெண்டு யூனிட் எவ்வளவுன்னு பாரு. அதுக்காகவா இருட்டுல நடக்கறீங்க?

லைட்ட அணை லைட்ட அணைன்னு பாட்டி தாத்தா காலத்துலேர்ந்து எல்லா வீட்லயும் கத்தினது நியாயமாத்தான் இருந்துச்சு. அப்ப இருந்தது குண்டு பல்பு, 60 வாட்டு 100 வாட்டு. அந்தக் கரண்ட்ல 90 சதவீதத்துக்கு மேல சூடா போயிடும், மிச்சம்தான் வெளிச்சம். அதே ஹால்ல அதே 8 மணி நேரம் 60 வாட் குண்டு பல்பு எரிஞ்சிருந்தா மாசத்துக்கு 14 யூனிட் ஆகியிருக்கும். இப்ப அதே வெளிச்சத்த 9 வாட்ல எல்ஈடி குடுக்குது. பல்பு மாறிடுச்சு, ஆனா நம்ம பயம் மட்டும் பழைய பல்புலயே நிக்குது. ஒரு தடவை வீடு முழுக்க சுத்திப் பாரு, பாத்ரூம் கண்ணாடிக்கு மேல, படிக்கட்டுல எங்கயாவது பழைய குண்டு பல்போ, சோக் வச்ச பழைய டியூப் லைட்டோ மாட்டியிருந்தா அத மாத்துங்க. அந்தப் பழைய டியூப் சோக்கோட சேந்து 50 வாட் கிட்ட இழுக்கும், எல்ஈடி டியூப் 20 வாட்லயே முடிஞ்சுடும். லைட் விஷயத்துல செய்ய வேண்டியது அவ்வளவுதான், அதுக்கு மேல அதப் பத்தி யாரும் சண்ட போட வேண்டாம்.

உங்க கூட இருக்கற, பரிட்சைக்கு படிக்கற பொண்ணு லைட்ட அணைக்கறதே இல்லன்னு அவ மேல கோவமா எழுதியிருந்த. அவ தினமும் நாலு மணி நேரம் கூடுதலா 9 வாட் லைட் போட்டு படிச்சா மாசத்துக்கு ஒரு யூனிட் வரும் மா. படிக்கட்டும். கண்ணு சோர்ந்துடக் கூடாது, நல்லா வெளிச்சமா வச்சு படிக்கச் சொல்லு, அப்பா சொன்னாருன்னே சொல்லு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன், உன் மேஜை மேல இருக்கே அந்த டெஸ்க்டாப். வேலைக்கு வேணும்னுதான வாங்கின, அத நான் குறை சொல்லல. ஆனா நீ எப்ப வீடியோ கால் பண்ணாலும் பின்னாடி அது ஓடிட்டே இருக்கு, ஆஃபீஸ் போகும்போதும் ஓடுது, தூங்கும்போதும் ஓடுது. கேட்டா, ஸ்கிரீன் தானா ஆஃப் ஆகிடுதுப்பா, அது தூங்குதுன்னு சொல்ற. ஸ்கிரீன் கறுப்பாயிட்டா மானிட்டர்தான் தூங்குது மா, கீழ இருக்கற பெட்டி முழிச்சுக்கிட்டுதான் இருக்கு. ஃபேன் சத்தம் கேக்குதுல்ல, அதுதான் அடையாளம். உன்னது மாதிரி தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப் ஒரு வேலையும் செய்யாம சும்மா நிக்கும்போதே 60லேர்ந்து 100 வாட் வரைக்கும் இழுக்கும். நடுவுல 80ன்னு வச்சுக்கோ. நீ அதுல வேலை செய்யறது ஒன்பது மணி நேரம்னா மிச்சம் பதினஞ்சு மணி நேரம் அது யாருக்காகவும் இல்லாம ஓடுது. 80ஐ 15ஆல பெருக்கு, 1200, அதாவது ஒரு நாளைக்கு 1.2 யூனிட், மாசத்துக்கு 36, வருஷத்துக்கு 438 யூனிட். நீங்க சண்ட போட்ட அந்த ஹால் பல்பு ஒரு மாசம் எரியற கரண்ட்ட உன் கம்ப்யூட்டர் ரெண்டே நாள்ல சும்மா நின்னே தீத்துடுது. இதுல மானிட்டரும் தூங்காம ஓடினா ஒவ்வொண்ணுக்கும் இன்னும் 20, 30 வாட் சேத்துக்கோ. யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறற மாதிரி ஸ்லாப் வச்சிருக்கற இடமா இருந்தா, இந்த 36 யூனிட் உக்காரறது மேல இருக்கற அந்த விலை ஜாஸ்தியான ஸ்லாப்புலதான், அதனால வலி இன்னும் கூட.

இன்னொண்ணும் சொல்லியிருந்த, பவர் சப்ளை மேல 650 வாட்னு போட்டிருக்கு, பயமா இருக்குன்னு. அது பயப்பட வேண்டிய நம்பர் இல்ல. அந்த பவர் சப்ளையால அதிகபட்சம் அவ்வளவு குடுக்க முடியும்ங்கற எல்லை அது, எப்பவும் அவ்வளவு இழுக்கும்னு அர்த்தம் கிடையாது. லேப்டாப் சார்ஜர்ல 65 வாட்னு போட்டிருக்கறதும் அப்படித்தான், பேட்டரி ஃபுல்லாகி லேப்டாப் சும்மா இருந்தா பத்து வாட் சுத்திதான் இழுக்கும். ராத்திரியெல்லாம் ஏதாவது டவுன்லோட் ஓடணும்னா டெஸ்க்டாப்ப விட்டுட்டு லேப்டாப்புல போடு, அதே வேலை எட்டுல ஒரு பங்கு கரண்ட்ல முடியும்.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணா இன்னும் ஜாஸ்தி கரண்ட் ஆகும்னு உன் ஃப்ரெண்ட் சொன்னதா எழுதியிருந்த, இது ரொம்ப நாளா சுத்திட்டு இருக்கற பேச்சு. ஆன் பண்ற அந்த நொடியில கரண்ட் குபுக்குனு ஏறும், நிஜம்தான், ஆனா அது ஒரு நொடி கூட நிக்காது. அப்புறம் பூட் ஆகற ஒரு நிமிஷம் 150 வாட்னே வச்சாலும் ரெண்டரை வாட்-மணிதான் வருது. 80 வாட்ல ரெண்டு நிமிஷம் சும்மா நின்னாலே அந்த அளவு போயிடும். ஆகக்கூடி ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல எந்திரிச்சு போறேன்னா கரண்ட் கணக்குல ஆஃப் பண்றதுதான் லாபம். அதுக்காக டீ குடிக்கப் போகும்போதெல்லாம் ஷட்டவுன் பண்ணுன்னு சொல்ல மாட்டேன், தொறந்து வச்ச ஃபைல் எல்லாம் திரும்ப எடுக்கறது எரிச்சல்னு எனக்கும் தெரியும். அமெரிக்க எரிசக்தித் துறையோட ஆலோசனை எனக்கு நியாயமா படுது, 20 நிமிஷத்துக்கு மேல வரலன்னா மானிட்டர அணை, 2 மணி நேரத்துக்கு மேல வரலன்னா பெட்டியையும் சேத்து அணைன்னு.

ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கணும்னா ஸ்லீப் போடு மா, அதுக்குத்தான் அது இருக்கு. ஸ்லீப்ல மெமரிக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் போகும், சாதாரணமா ஒண்ணுலேர்ந்து அஞ்சு வாட்டுக்குள்ள. ஹைபர்னேட்னா மெமரியில இருக்கறத டிஸ்க்ல எழுதி வச்சுட்டு கிட்டத்தட்ட முழுசாவே அணைஞ்சுடும், திரும்ப வர கொஞ்சம் நேரம் எடுக்கும். நீ ஆஃபீஸ் போகும்போது ஸ்லீப், ஊருக்கு கிளம்பும்போது ஷட்டவுன் பண்ணி சுவிட்சையும் அணைச்சுடு. பவர் செட்டிங்க்ஸ்ல போய் 15 நிமிஷத்துல தானா ஸ்லீப் ஆகற மாதிரி வச்சுட்டா நீ மறந்தாலும் அது மறக்காது. ஆனா வச்சதோட விட்டுடாத, நெஜமாவே தூங்குதான்னு பாரு. வீடியோ ஓடற டேப் ஒண்ணு தொறந்திருந்தா தூங்காது, மவுஸ் லேசா அசைஞ்சா எந்திரிக்கும், அப்டேட் போடறேன்னு நடு ராத்திரி தானா எந்திரிச்சு அப்படியே காலை வரைக்கும் நிக்கும், பவர் செட்டிங்க்ஸ்லயே வேக் டைமர்னு ஒண்ணு இருக்கு, அத ஆஃப் பண்ணிடு. கலர் கலரா ஓடுதே ஸ்கிரீன் சேவர், அது கரண்ட்ட மிச்சம் பிடிக்கவே பிடிக்காது, பழைய டப்பா மானிட்டர்ல ஒரே படம் நின்னு தழும்பு விழக் கூடாதுன்னு கண்டுபிடிச்சது, இப்ப அது கம்ப்யூட்டர முழிச்சிருக்க வைக்கறதுதான் மிச்சம். டார்க் மோடும் அப்படித்தான், ஓஎல்ஈடி ஸ்கிரீன்ல நல்லா மிச்சமாகும், சாதாரண எல்சிடி மானிட்டர்ல பின்னாடி லைட் எப்படியும் எரியுது, கறுப்பா காட்டினாலும் குறையாது. அதுல பிரைட்னஸ குறைச்சாதான் குறையும்.

இது உன் ஒருத்தியோட பழக்கம் இல்லமா, உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992ல, கரண்ட் மிச்சம் பிடிக்கற சாமானுக்கு குடுக்கற எனர்ஜி ஸ்டார் முத்திரைய ஆரம்பிச்சப்போ மொதமொதல்ல அத குடுத்ததே கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும்தான். அணைச்சு வச்ச சாமான் கூட சத்தமில்லாம கரண்ட் குடிக்குதேன்னு அமெரிக்காவோட லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துல ஆலன் மையர்னு ஒரு விஞ்ஞானி தொடர்ந்து சொல்லிட்டு இருந்தாரு, அவரோட யோசனைய எடுத்துக்கிட்டு 1999ல சர்வதேச எரிசக்தி முகமை எல்லா சாமானும் ஸ்டாண்ட்பைல, அதாவது அணைச்சும் சொருகியே வச்ச நிலையில, ஒரு வாட்டுக்குள்ள நிக்கணும்னு இலக்கு வச்சுச்சு. ஐரோப்பாவுல அது சட்டமாவே ஆகி, 2013லேர்ந்து பெரும்பாலான சாமானுக்கு அரை வாட்டுனு இறங்கிடுச்சு. ஒரு வாட் வருஷம் முழுக்க ஓடினா எட்டே முக்கால் யூனிட், பாத்துக்கோ. அதனால டிவியில தெரியற சின்ன சிவப்பு லைட், சும்மா சொருகி வச்ச போன் சார்ஜர், இதெல்லாம் இப்ப புது சாமானா இருந்தா பெரிய விஷயமே இல்ல, அதுக்கு யாரையும் திட்டாத. பழைய செட்டாப் பாக்ஸ் மட்டும் கவனி, சிலது ரிமோட்ல அணைச்சாலும் ஓடும்போது இழுக்கற மாதிரியே இழுக்கும், தொட்டுப் பாத்தா சுடும். ரவுட்டர் பத்து வாட் கிட்ட, மாசத்துக்கு ஏழு யூனிட், அது எல்லாருக்கும் எந்நேரமும் தேவைப்படுது, ஓடட்டும். பிரிண்டர மட்டும் நேரா சுவிட்ச் போர்டுல அணைக்காத, மொதல்ல அதோட பட்டன்ல அணைச்சுட்டு அப்புறம் சுவிட்ச்ச அணை, இல்லன்னா இங்க் ஹெட் சரியா மூடாம காயும்.

என் பேச்ச அப்படியே நம்பணும்னு இல்ல, மீட்டரே சொல்லும். உங்க மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு லைட் சிமிட்டும், பக்கத்துல ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல்னு போட்டிருக்கும், நிறைய மீட்டர்ல 3200 இல்ல 1600 இருக்கும். 3200ன்னா நிமிஷத்துக்கு ஒரு சிமிட்டலுக்கு 19 வாட் கிட்ட ஓடுதுன்னு அர்த்தம், 1600ன்னா அதுக்கு ரெட்டிப்பு. மூணு பேரும் வீட்ல இருக்கற ஒரு நாள் ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாத்தையும் அரை மணி நேரம் அணைங்க, ஃப்ரிட்ஜுக்கு அதனால ஒண்ணும் ஆகாது. உன் கம்ப்யூட்டர மட்டும் போட்டு ஸ்கிரீன் கறுப்பாகற வரைக்கும் விட்டுட்டு அஞ்சு நிமிஷம் எண்ணி அஞ்சால வகு. அப்புறம் அத ஸ்லீப் போட்டு எண்ணு. அப்புறம் வீட்ல இருக்கற எல்லா எல்ஈடி லைட்டையும் போட்டு எண்ணு. மூணு பேரும் சேந்து எண்ணினா யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேண்டியிருக்காது.

இதெல்லாம் சரி பண்ணியும் பில் குறையலன்னா ஹீட்டரும் ஏசியும்தான் மிச்சம். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். கம்ப்யூட்டர் இழுக்கற கரண்ட் அத்தனையும் கடைசியில சூடாத்தான் ரூம்ல நிக்கும், அதனால ஏசி போட்ட ரூம்ல அது சும்மா ஓடினா அந்தச் சூட்ட வெளிய தள்ள ஏசியும் கூடுதலா ஓடும், ரெண்டு பக்கமும் உனக்குத்தான் செலவு. புழுக்கத்துல தூங்காம கிடக்காத, ஏசி வேணும்னா போட்டுக்கோ, பெட்டிய மட்டும் அணைச்சுட்டு படு.

மீட்டர்ல அந்த நம்பர் 3200ஆ 1600ஆன்னு பாத்து, எண்ணினதையும் சேத்து எனக்கு அனுப்பு, நான் கணக்கு போட்டு யார் யார் எவ்வளவு குடுக்கறது நியாயம்னு சொல்றேன். பணம் பத்தலன்னா கூச்சப்படாம கேளு. அம்மா இன்னிக்கு ராத்திரி வீடியோ கால் போடுவா, ஹால் லைட் எரியுதான்னு மொதல்ல அதத்தான் பாக்கப் போறா.

அன்புடன்,
அப்பா