நியாயமற்ற ஷரத்தை ரத்து செய்யும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லிடைக்குறிச்சியில் தனியாக வசிக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 79. மொட்டைமாடியில் தட்டோடுகள் பெயர்ந்து, மழை பெய்தால் மச்சு ஒழுகுகிறது. ஒழுக்கை அடைத்துத் தருவதாக வந்த ஒரு நிறுவனத்தின் ஆள், ஆங்கிலத்தில் அச்சடித்த ஒப்பந்தத்தில் திண்ணையிலேயே கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். மொத்தம் ரூ.2,40,000, முன்பணம் ரூ.60,000. கைப்பிடிச் சுவரின் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் அளந்து சதுர அடியில் சேர்த்திருப்பதை ஊர்க் கொத்தனார் எடுத்துச் சொன்ன பிறகு, வேலையே வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டார். அதுவரை நடந்த வேலை, இரண்டு டிரம்களைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கியது மட்டும்.

இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. வீட்டுக்காரர் விலகினால் மொத்தத் தொகையில் 40 சதவீதம் அபராதம் என்பது ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து. ரூ.96,000 ஆகிறது. முன்பணம் போக, செய்யாத வேலைக்கு இன்னும் ரூ.36,000 கட்ட வேண்டுமாம்! நிறுவனமோ காரணம் சொல்லாமல் எந்த நாளும் விலகிக்கொள்ளலாம். அதற்கு அபராதம் எதுவும் கிடையாது.

‘கையெழுத்துப் போட்டாயிற்றே, இனி என்ன செய்வது’ என்று உறவினர்கள் கைவிரிக்கிறார்கள். சட்டம் அப்படிக் கைவிரிக்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ எது என்று 2(46) பிரிவில் வரையறுக்கிறது. ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் அதில் வருகிறது. தக்க காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடமளிப்பதும் வருகிறது. பெரியம்மாவின் தாளில் இரண்டுமே இருக்கின்றன.

சிக்கல் அடுத்த படியில்தான். நியாயமற்ற ஒப்பந்தம் குறித்த புகாரை விசாரிக்கும் அதிகாரத்தை 47-ஆவது பிரிவு மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் தருகிறது. அத்தகைய ஷரத்தைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரமும் 49(2) பிரிவின்படி அங்கேதான். மாவட்ட ஆணையத்துக்குச் சட்டம் இவற்றை வெளிப்படையாகத் தரவில்லை. சேவைக் குறைபாடு என்று திருநெல்வேலி மாவட்ட ஆணையத்தில் முறையிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், ரூ.5 லட்சம் வரையிலான சேவைக்கு அங்கே கட்டணமும் இல்லை. ஆனால், அந்த 40 சதவீத ஷரத்தையே ரத்து செய்யச் சொல்ல வேண்டுமானால் மாநில ஆணையத்தின் மதுரை அமர்வுக்குப் போக வேண்டும். செங்கோட்டை ரயிலில் திருநெல்வேலி வரை வருவதற்கே துணைக்கு ஆள் தேடுகிறவர் அவர்.

இணையவழியில் மனு தாக்கல் செய்யலாம், காணொலியில் ஆஜராகலாம் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். வசதிதான், மறுக்கவில்லை. தினமும் நாளிதழை வரி விடாமல் வாசிக்கிற பெரியம்மாவிடம் இருப்பது பட்டன் கைப்பேசி.

கோடிக்கணக்கில் அடுக்குமாடி கட்டும் நிறுவனத்தோடு வழக்காடுகிறவர் மாநில ஆணையத்துக்குப் போகட்டும். தளம் பூசுவதற்கும் கதவு மாற்றுவதற்கும் போட்ட ஒப்பந்தங்கள் அங்கே போய்ச் சேர வேண்டிய அவசியம் என்ன? ரூ.5 லட்சத்துக்கு உட்பட்ட ஒப்பந்தங்களிலாவது நியாயமற்ற ஷரத்தைச் செல்லாததாக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையங்களுக்கு வேண்டும். நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதற்கான சட்டத் திருத்தத்தை அவையில் கேட்க வேண்டும்.

ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
பாளையங்கோட்டை